கோமளத்தம்மாளின் மகன்

திருத்தணியில் 1888 செப்டம்பர் 5-ஆம் நாள் பிறந்த சர்வபள்ளி இராதாகிருஷ்ணன் 86 ஆண்டுகள் வாழ்ந்து 1975-இல் மறைந்தார். அவர் பிறப்பதற்கு ஏறத்தாழ எட்டரை மாதங்களுக்கு முன், 1887 டிசம்பர் 22-ஆம் நாள் ஈரோட்டில் தாய்வழிப் பாட்டனார் இல்லத்தில் பிறந்தவர் சீனிவாச இராமானுஜன். அவர் வாழ்ந்தது 32 ஆண்டுகளே. இருவரும் சென்னை மாகாணத்தின் எளிய குடும்பங்களில் தோன்றிப் படிப்பால் உலகப் புகழ் எய்தியவர்கள். ஒருவருக்குக் கிட்டிய ஆயுள் மற்றவருக்குக் கிட்டவில்லை. கணித மேதையின் வாழ்க்கையை அவர் கண்ட தேற்றங்களின் வழியே எழுதுவது வழக்கம். அவர் பட்ட நோய்களின் வழியே அதனை நோக்கினால், பிள்ளைகளின் தலைமாட்டில் விழித்திருந்த ஒரு தாயின் வாழ்க்கையும் உடன் தெரியவரும்.

பிழைத்த பிள்ளை

இராமானுஜனின் தந்தை சீனிவாச ஐயங்கார் கும்பகோணத்தில் ஒரு புடவைக் கடையில் கணக்கர். தாய் கோமளத்தம்மாள் கோயிலில் பாடுபவர். நாமக்கல் நாமகிரித் தாயாரிடம் அக்குடும்பத்தார் கொண்டிருந்த பற்று மிகப் பெரிது. மகப்பேறு வாய்க்காத நாளில் அத்தாயாரை வேண்டிப் பெற்ற பிள்ளையே இராமானுஜன் என்பது அவர்களது நம்பிக்கை.

1889 டிசம்பரில், இரண்டு வயது நிறையும் காலத்தில், அக்குழந்தைக்குப் பெரியம்மை கண்டது. அக்காலத்தில் தஞ்சை மாவட்டத்தில் அந்நோயால் மாண்டவர் ஏறத்தாழ 4,000 பேர். அம்மை குத்தும் முறை 1802-இலேயே இந்தியாவுக்கு வந்துவிட்டது. ஆயினும் எண்பது ஆண்டுகளுக்குப் பின்னும் அது எல்லார் வீட்டு வாயிலையும் எட்டவில்லை. எட்டிய இடங்களிலும் அச்சத்தால் மறுத்தவர் பலர். நோய் கண்டபின் அதற்கு மருந்தென்று எதுவும் இல்லை. வேப்பிலையும் மஞ்சளும் மாரியம்மன் வேண்டுதலுமே அன்றைய தாய்மாருக்குத் துணை. இராமானுஜன் பிழைத்துக்கொண்டார்.

அதே தாய்க்கு அடுத்துப் பிறந்த சடகோபன் என்னும் மகன் மூன்று மாதம் நிறையுமுன் இறந்தான். 1891-இலும் 1894-இலும் பிறந்த குழந்தைகள் ஓராண்டு நிறைவைக் காணவில்லை. 1898-இல் பிறந்த இலட்சுமி நரசிம்மனே அடுத்து நிலைத்த பிள்ளை. இடைப்பட்ட ஆண்டுகளில் அவ்வீட்டில் தொட்டில் மூன்று முறை கட்டப்பட்டு மூன்று முறை அவிழ்க்கப்பட்டது. வரலாற்று நூல்கள் இதனை ஓரிரு வரிகளில் சொல்லிக் கடந்துவிடுகின்றன. மூத்த மகன்மீது அவ்வன்னை வைத்த, பிறர் மிகையெனக் கருதிய பிடிப்புக்கு இந்த மூன்று இழப்புகளும் காரணமாதல் கூடும்.

பணமும் மருத்துவமும்

இளமையில் கணிதமொன்றிலேயே மனம் தோய்ந்து, பிற பாடங்களில் தேறாது, கல்லூரி உதவித்தொகையை இழந்தவர் இராமானுஜன். 1909-இல் சானகியை மணந்த சின்னாட்களில் அவருக்கு விரைவீக்கம் கண்டது. எளிய அறுவையில் தீரக்கூடிய நோய்தான். ஆயினும் அறுவைக்குரிய பணம் வீட்டில் இல்லை. 1910 சனவரியில் மருத்துவர் ஒருவர் கூலி பெறாமல் அவ்வறுவையைச் செய்தார். அறிவியல் ஒன்றைக் கண்டறிந்துவிட்டால் மட்டும் போதாது, அது நோயாளியின் படுக்கையருகே வந்து சேரவும் வேண்டும் என்பதற்கு இது ஒரு சான்று. வேப்பிலை மட்டுமே கிட்டிய வீட்டுக்கு அன்று ஒருவர் மனத்தின் ஈரமே மருத்துவத்தைக் கொண்டுவந்து சேர்த்தது.

அயல்நாட்டில்

1914 மார்ச்சு 17-ஆம் நாள் சென்னையிலிருந்து கப்பலேறிய இராமானுஜன், கேம்பிரிட்ஜில் ஹார்டியுடன் மூன்றாண்டுகள் அரும்பணி ஆற்றினார். 1917-இல் நோயுற்றார். ஒரு மருத்துவர் வயிற்றுப்புண் என்றார். பின்பு காசநோய் என்று கருதினர். ஈரலில் புற்று என்ற ஐயமும் இடையே எழுந்தது. ஒரு மருத்துவ இல்லத்திலிருந்து மற்றொன்றுக்கு அவர் மாற்றப்பட்டார். போர்க்காலத் தட்டுப்பாட்டில் மரக்கறி உணவுக்கும் வழியில்லை. வாடகை வண்டியின் 1729 என்ற எண்ணை ஹார்டி சிறப்பற்றதெனக் கூற, இரு கன எண்களின் கூட்டாக இருவகையில் எழுதத்தக்க மிகச் சிறிய எண் அதுவே என இராமானுஜன் விடையிறுத்த நிகழ்ச்சியை எல்லாரும் சொல்லி மகிழ்வர். அது பட்னி என்னுமிடத்தில் அவர் நோய்ப்படுக்கையில் கிடந்தபோது நிகழ்ந்தது என்பதைப் பலரும் மறந்துவிடுகின்றனர்.

1918-இல் இராயல் கழகத்தின் உறுப்பினர் என்னும் பெருமை வந்தது, உடல்நலம் வரவில்லை. 1919 மார்ச்சில் பம்பாயில் வந்திறங்கிய மகனை எதிர்கொண்டவர் கோமளத்தம்மாள். இரண்டு வயதில் அம்மையிலிருந்து மீட்ட பிள்ளையை முப்பத்தோராம் வயதில் எலும்பும் தோலுமாகக் கண்டார். கொடுமுடி, கும்பகோணம், சென்னை என ஊர் மாறினர். காசநோய்க்கெனவே மருத்துவம் தொடர்ந்தது. சானகி உடனிருந்து பணிவிடை செய்தார். 1920 சனவரியில் போலித் தீட்டாச் சார்புகள் பற்றி ஹார்டிக்கு எழுதிய இராமானுஜன், ஏப்பிரல் 26-ஆம் நாள் சேத்துப்பட்டில் உயிர்நீத்தார். அவ்வோராண்டில் அவர் எழுதிய தாள்கள் 1976-இல் டிரினிட்டிக் கல்லூரி நூலகத்தில் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் கண்ணில் பட்டன.

பிந்திய தெளிவு

1994-இல் யங் என்னும் ஆய்வாளர் பழைய குறிப்புகளை ஆராய்ந்து, இராமானுஜனைக் கொன்றது காசநோயன்று, அமீபாவால் விளைந்த ஈரல் நோயாதல் வேண்டும் என்று முடிவு கண்டார். இந்தியாவை விட்டுச் செல்லுமுன் இருமுறை கண்ட வயிற்றுக்கடுப்பு முற்றும் தீராது, ஆண்டுகள் பல உள்ளே உறங்கிக் கிடந்திருக்கலாம் என்பது அவர் கருத்து. அமீபா நோய்க்கு எமெட்டின் ஊசி பயன்தரும் என்று லியோனார்டு ரோஜர்ஸ் 1912-இல் கல்கத்தாவில் காட்டியிருந்தார். உலகப் போரில் அந்நோய் கண்ட ஆங்கிலப் படைவீரர் பலர் அதனால் குணமடைந்தனர். யங்கின் கருத்து மெய்யாயின், இராமானுஜன் கப்பலேறுவதற்கு இரண்டாண்டுகள் முன்னரே அவர் நோய்க்குரிய மருந்து அவர் பிறந்த நாட்டிலேயே இருந்தது. நோயின் பெயரைத்தான் எவரும் சரியாகச் சொல்லவில்லை.

கோமளத்தம்மாள் பெற்ற அறுவரில் நால்வர் அவருக்கு முன்னரே மறைந்தனர். மூவர் மறைந்தது மருத்துவம் கிட்டாத காலத்து வறிய வீட்டில். ஒருவர் மறைந்தது பெருமருத்துவர்கள் சூழ இருந்தும். பெரியம்மை இந்தியாவில் 1975-ஆம் ஆண்டோடு ஒழிந்தது. அதன் தழும்பைச் சுமந்த முகங்களையும் இன்று காண்பது அரிது. மலையேறி முடியிறக்கி நேர்த்திக்கடன் செலுத்தும் தாய்மார் திருத்தணியில் இன்றும் உளர். இராமானுஜனின் புகழைப் பேசுவோர், தொட்டிலிலேயே மறைந்த அவருடைய உடன்பிறப்புகளையும் அவ்வாண்டு தஞ்சையில் மாண்ட நாலாயிரவரையும் ஒருகணம் எண்ணுதல் தகும். அவர்களுள் யார் யார் என்னென்ன ஆகியிருப்பர் என்பதைச் சொல்லும் குறிப்பேடு எந்த நூலகத்திலும் இல்லை.