உயிரணுவுக்கு வழி போட்டது யார்? வாடிங்டனின் மலைச்சரிவுக் கதை

சிரம்பான் தோட்டங்களில் தாத்தா பாட்டி விடியுமுன்னே பால் மரம் வெட்டப் போன கதையைக் கேட்டிருப்பீர்கள். தலைவிளக்கு வெளிச்சத்துக்கு அப்பால் இருந்த இருட்டில் அவர்களுக்கு வழி தெரியச் செய்தவை, விழித்திரையின் குச்சி உயிரணுக்கள். பகலில் நிறம் பிரித்துக் காட்டுபவை கூம்பு உயிரணுக்கள். இரண்டிலும் இருப்பவை அதே மரபணுக்கள்தான். அப்புறம் ஏன் ஒன்று குச்சி, இன்னொன்று கூம்பு?

இந்த மாதிரிக் கேள்விக்குப் படம் போட்டு விளக்கியவர் கான்ராட் வாடிங்டன். 1905-ல் இங்கிலாந்தில் பிறந்தார். அவரும் தோட்டத்துப் பிள்ளைதான், ஆனால் துரை வீட்டுப் பிள்ளை. அப்பாவுக்கு வயநாட்டுத் தேயிலைத் தோட்டத்தில் வேலை. பெற்றோர் இந்தியாவிலேயே இருக்க, நான்கு வயதிலிருந்து இங்கிலாந்தில் உறவினர்களிடம் வளர்ந்தார்.

கேம்பிரிட்ஜில் முதலில் படித்தது நிலவியல். பிறகு கரு வளர்ச்சி பக்கம் திரும்பினார். 1942-ல் எபிஜெனெட்டிக்ஸ் என்ற சொல்லைத் தந்தார். 1947 முதல் எடின்பர்க்கில் பேராசிரியர்.

1957-ல் வந்த அவருடைய நூலில் அந்தப் புகழ்பெற்ற படம் இருக்கிறது. மலை உச்சியில் ஒரு பந்து. அதுதான் இளம் உயிரணு. உருண்டு வரும் வழியில் பள்ளத்தாக்கு இரண்டாகப் பிரியும். ஒன்றில் இறங்கிவிட்டால் மற்ற வழி அடைபட்டுப் போகும். நிலத்துக்கு அடியில் கயிறு கட்டி அந்தச் சரிவை இழுத்துப் பிடித்திருப்பவை மரபணுக்கள்.

அந்தக் கயிறு எப்படி வேலை செய்கிறது? மரபணுவை அடக்கி வைக்க முடியும் என்று 1961-ல் பிரான்சின் ஜேக்கப்பும் மோனோவும் பாக்டீரியாவை வைத்து விளக்கினார்கள். விழித்திரையிலும் இப்படித்தான். குச்சியாகப் போகிற உயிரணுவில் என்.ஆர்.2.இ.3 என்ற புரதம் கூம்புக்கான மரபணுக்களை அடக்குகிறது. அதற்கான மரபணு பழுதானால் நீல ஒளியை உணரும் கூம்புகள் அளவுக்கு மீறிப் பெருகும். குச்சிகள் சரியாக உருவாகாது. விளைவு, சின்ன வயதிலேயே மாலைக்கண். சத்துக் குறைவால் வரும் மாலைக்கண் வேறு, இது வேறு.

வாடிங்டன் 1975-ல் காலமானார். 2006-ல் ஜப்பானின் ஷின்யா யாமானாக்கா, முதிர்ந்த எலி உயிரணுவையே திரும்ப மலை உச்சிக்கு ஏற்றிக் காட்டினார். 2014-ல் அதே ஜப்பானில், அந்த முறையில் உருவாக்கிய விழித்திரை உயிரணுப் படலம் ஒரு நோயாளியின் கண்ணில் வைக்கப்பட்டது.

இனி மரபணு பற்றிப் படிக்கும்போது, அது எதை உருவாக்குகிறது என்பதோடு, எது அடக்கி வைக்கப்பட்டிருக்கிறது என்றும் சேர்த்துக் கேட்டுப் பாருங்கள்.