கிழிபடும் தாளில் கிடைத்த புகழ்

வளாக விழாவுக்குப் போஸ்டரோ கிஃப்ட் பேப்பரோ நீங்களே வரையப் போகிறீர்களா? முதலில் அல்போன்ஸ் முகாவைத் தெரிந்துகொள்ளுங்கள்.

1860-ல், இன்றைய செக் நாட்டில் பிறந்தவர். பாரிஸில் பத்திரிகைகளுக்குப் படம் வரைந்து பிழைத்தார். 1894 டிசம்பரில் நடிகை சாரா பெர்னாரின் ‘ஜிஸ்மோண்டா’ நாடகத்துக்கு அவசரமாக ஒரு போஸ்டர் தேவைப்பட்டது. வாய்ப்பு முகாவுக்கு வந்தது. சுமார் இரண்டு மீட்டர் உயரப் போஸ்டர் புத்தாண்டன்று சுவர்களில் ஏறியது. ரசிகர்கள் அதை உரித்து வீட்டுக்கே கொண்டுபோனார்கள். சாரா ஆறாண்டு ஒப்பந்தம் போட்டார்.

பிஸ்கட் டப்பா, காலண்டர் என எதையும் சின்ன வேலையென்று அவர் ஒதுக்கவில்லை. பூ, கொடி அலங்காரங்களை 1902-ல் மாதிரிப் புத்தகமாகவே வெளியிட்டார்.

தம் வாழ்நாள் பணியாக அவர் கருதியது ‘ஸ்லாவ் காவியம்’ என்ற 20 பெரிய ஓவியங்களை. 1928-ல் அவற்றை பிராக் நகருக்கு அளித்தார். 1939-ல் நாஜிகள் அவரைப் பிடித்து விசாரித்தார்கள், ஜூலையில் காலமானார். உலகம் அதிகம் நினைவில் வைத்திருப்பதோ அவருடைய போஸ்டர்களை!

நீங்களும் நடுவில் ஓர் உருவம், பின்னால் ஒரு வட்டம், சுற்றிலும் நம் வளாகத்துப் பூக்கள் என்று தொடங்குங்கள். நாளை குப்பைக்குப் போகும் தாள்தானே என்று மட்டும் நினைக்காதீர்கள்.