ஏடு தேடி நம்ம ஊருக்கு வந்தவர்

ப்ராஜெக்ட்டுக்காக ஒரு ஓப்பன் சோர்ஸ் கோடை டவுன்லோட் பண்றீங்க. ரீட்மீ ஃபைலில் ரெண்டே வரிதான் இருக்கு. எழுதினவரையும் பிடிக்க முடியல. எவ்வளவு எரிச்சல் வரும்! பழைய தமிழ் நூல்களோடு இதே மாதிரி மாட்டிக்கிட்டவர்தான் உ.வே.சாமிநாதையர்.

1855-ல் பிறந்தவர், ஊர் தஞ்சைப் பக்கம் உத்தமதானபுரம். மகாவித்வான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் படித்து, 1880-ல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியர் ஆனார். அப்போ வயசு 25, நம்மளைவிட நாலு வயசுதான் கூட. அதே வருஷம் முன்சீப் சேலம் இராமசாமி முதலியார் அவரைச் சந்தித்து, சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்டார். ஐயர் அதைப் படித்ததில்லை. முதலியார் கொடுத்த பிரதியைப் பிரித்தால் பாதி புரியவில்லை.

ஓலை ஏட்டில் மெய்யெழுத்துக்குப் புள்ளி கிடையாது. பாட்டு எது, உரை எதுன்னு பிரிச்சும் இருக்காது. எழுதினவர் கைதவறினால், அதைப் பார்த்து எழுதினவரும் அதே தப்பைச் செய்வார். அதனால ஐயர் ஒரே பிரதியை நம்பவில்லை. பல பிரதிகளைச் சேர்த்து வரிக்கு வரி ஒப்பிட்டார். சமணக் கருத்துகள் புரியாதபோது, அவர் சைவக் குடும்பத்துக்காரராக இருந்தும், கும்பகோணத்துச் சமணர் வீடுகளுக்குப் போய்க் கேட்டுக்கொண்டார். 1887-ல் சிந்தாமணி அச்சில் வந்தது.

அடுத்தது பத்துப்பாட்டு. அதுக்காகத்தான் திருநெல்வேலிக்கு வந்தார். கவிராயர் வீடுகளில் ஏறி இறங்கினார். தாமிரபரணிக் கரையில் ஆழ்வார்திருநகரி லட்சுமண கவிராயர் வீட்டிலும் தேடினார், கிடைக்கவில்லை. கடைசியில் கவிராயர் உறவினர் வீட்டிலிருந்து ஒரு கட்டு கொண்டுவந்தார். பிரித்துப் பார்த்தால் உள்ளே பத்துப்பாட்டு! 1889-ல் அதுவும் புத்தகமானது.

எல்லா இடத்திலும் அந்த அதிர்ஷ்டம் இல்லை. கரிவலம்வந்தநல்லூர் கோயிலில் இருந்த ஏடுகள், அவர் போவதற்கு முன்பே ஹோமத்தீயில் போய்விட்டன. பழசாச்சுன்னு ஆடிப்பெருக்கில் ஆற்றில் விட்டவங்களும் இருந்தாங்க. அதில் என்னென்ன நூல் போச்சோ, இனி யாராலும் சொல்ல முடியாது.

சிலப்பதிகாரம் 1892, புறநானூறு 1894, மணிமேகலை 1898 என்று வேலை ஓடிக்கொண்டே இருந்தது. அவர் பதிப்புகளைத் திறந்து பாருங்க. எந்த ஏடு யார் வீட்டில் கிடைத்தது, எந்தச் சொல்லுக்கு என்னென்ன பாடபேதம், அருஞ்சொல் எந்தப் பக்கம் என்று எல்லாம் வரிசையா இருக்கும். ஏடு தந்தவர் பேரை விடமாட்டார். புதுப் பிரதி கிடைத்தால் அடுத்த பதிப்பில் திருத்துவார். சந்தேகம் தீராத இடத்தை மழுப்பாமல் குறித்துவைப்பார். பின்னால் வருபவர் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை.

1942-ல் 87 வயசில் மறைந்தார். சேர்த்த ஏடுகள் சென்னை பெசன்ட் நகரில் அவர் பேரிலுள்ள நூலகத்தில் இருக்கு.

நம்ம ப்ராஜெக்ட்டையும் அடுத்த வருஷம் ஒரு ஜூனியர் திறப்பான். என்ன வேலை செய்யுது, எது இன்னும் சரியாகல, யார் உதவினாங்க என்று எழுதிவைத்துவிட்டு லேப்டாப்பை மூடுங்க.