இராவதி கார்வே அம்மையார்

கோடை விடுமுறையில் ஊருக்குச் செல்லாமல் ஆராய்ச்சிக்காகப் புனேயிலேயே தங்கிவிடும் மாணவர் நம்முள் சிலர் உண்டு. நூலகமும் மாலை நடையும் தேநீருமே அவர்களுக்குத் துணை. ஆராய்ச்சியையே இன்பமாகக் கொண்டு இவ்வூரில் வாழ்ந்த அறிஞர் ஒருவரை அவர்கள் அறிந்திருத்தல் நலம்.

இராவதி 1905-இல் பர்மாவில் பிறந்தார். அந்நாட்டின் பேராறான ஐராவதியின் பெயரையே பெற்றோர் சூட்டினர். ஏழாம் வயதில் கல்விக்காகப் புனேக்கு வந்தார். ஹுசூர்பாகா பள்ளியில் பயின்றார். 1926-இல் பெர்குசன் கல்லூரியில் தத்துவப் பட்டம் பெற்றார். பின்னர்ப் பம்பாயில் பேராசிரியர் குர்யேயிடம் சமூகவியல் கற்றார். பெண்கல்விக்கு உழைத்த தோண்டோ கேசவ கார்வேயின் மருமகளானார்.

1928-இல் ஜெர்மனி சென்றார். பெர்லினில் அவருக்கு வாய்த்த ஆசிரியர் ஒயிகன் பிஷர். மண்டையோட்டின் இடப்புறமும் வலப்புறமும் முற்றும் ஒத்திருப்பதில்லை. அவ்வேறுபாடு இனத்திற்கு இனம் மாறும், ஐரோப்பியரின் அறிவுச் சிறப்புக்கு அதுவே சான்று என்பது பிஷரின் எண்ணம். அதை அளந்து காட்டுவது மாணவியின் வேலை.

அளந்தார். அளவுகள் வேறு சொல்லின. இனத்திற்கும் அவ்வேறுபாட்டிற்கும் தொடர்பே காணவில்லை! பட்டமோ ஆசிரியர் கையில். இவரோ அடிமை நாட்டிலிருந்து வந்த இளம்பெண். ஆசிரியர் விரும்பியதை எழுதியிருந்தால் கேட்பார் யார்? ஆயினும் கண்டதையே எழுதினார்; டாக்டர் பட்டமும் பெற்றார். பின்னாளில் பிஷரின் இனக்கொள்கை இட்லரின் ஆட்சிக்குத் துணைபோனதை உலகம் அறியும்.

1939-இல் டெக்கான் கல்லூரியில் சேர்ந்தார். ஊர் ஊராகச் சென்று மக்களின் உறவுமுறைகளை ஆராய்ந்தார். தாயின் உடன்பிறந்தானையும் மனைவியின் தந்தையையும் நாம் மாமா என்றே அழைக்கிறோம். மாமன் மகளை மணக்கும் வழக்கம் உள்ள தெற்கில் இருவரும் ஒருவராகவே இருக்கலாம். வடக்கிலோ மணவுறவு வேறு, பிறப்புறவு வேறு. இத்தகைய வேறுபாடுகளை நாடு முழுவதும் ஒப்பிட்டு 1953-இல் அவர் வெளியிட்ட நூல் இன்றும் பயிலப்படுகிறது.

சிறு சிறு இன்பங்களை அவர் விட்டவரல்லர். பெண்கள் ஸ்கூட்டர் ஓட்டுவது புதுமையாயிருந்த நாளில் புனேத் தெருக்களில் ஸ்கூட்டரில் சென்றார். பண்டரிபுரம் செல்லும் அடியாரோடு பாட்டுக் கேட்டவாறே நடந்தார். அங்கும் அவருடைய ஆராய்ச்சிக் கண் உறங்கவில்லை. ஒரே இறைவனைப் பாடிச் செல்வோர் சாதிவாரியாகப் பிரிந்து உண்பதைக் கண்டு வருந்தினார். இரு சாராரோடும் உண்டார். கண்டதை மறைக்காமல் எழுதினார். பாரத மாந்தரைத் தெய்வங்களாக அன்றி மனிதராகவே நோக்கி அவர் மராத்தியில் எழுதிய ‘யுகாந்தா’ சாகித்திய அகாதெமி பரிசு பெற்றது. 1970-இல் மறைந்தார்.

ஆசிரியர் எதிர்பார்ப்பது ஒன்றும் நம் அளவுகள் காட்டுவது வேறொன்றுமாக இருக்கும் நாள் ஆராய்ச்சி மாணவர் எவர்க்கும் வரலாம். அன்று, பெர்லினில் அளவுகோலோடு நின்ற இப்பெண்மணியை நினைத்துக்கொள்வோமாக.