பட்டம் தராத பல்கலைக்கழகம்

பிளஸ் டூ முடிச்சதும் உளவியல் படிக்கணும்னு எனக்கு ஆசை. அந்தத் துறையில் முன்னோடியான மேரி விட்டன் கால்கின்ஸ் பற்றி எழுதுகிறேன்.

இவர் 1863-ல் அமெரிக்காவில் பிறந்தார். வெல்லெஸ்லி பெண்கள் கல்லூரியில் கிரேக்க மொழி ஆசிரியை. உளவியல் பாடம் நடத்த ஆள் தேவைப்பட்டதால், அதைப் படிச்சிட்டு வரும்படி கல்லூரி இவரைக் கேட்டது. 1890-ல் ஹார்வர்டு பல்கலைக்கழகம் போனார். அங்கே அப்போ பெண்களைச் சேர்க்க மாட்டாங்க! விருந்தினராக உட்காரத்தான் அனுமதி. வில்லியம் ஜேம்ஸ் பாடம் சொல்லிக் கொடுத்தார்.

1891-ல் வெல்லெஸ்லியில் உளவியல் ஆய்வுக்கூடம் தொடங்கினார். பிறகு ஹார்வர்டில் ஞாபகசக்தி பற்றி ஆராய்ந்தார். ஒரு நிறத்தையும் ஓர் எண்ணையும் ஜோடியாகக் காட்டுவார். அப்புறம் நிறத்தை மட்டும் காட்டி எண்ணைக் கேட்பார். இந்தச் சோதனை முறை பின்னாளில் ரொம்பப் பிரபலம்.

1895-ல் தேர்வில் பிரமாதமாகத் தேறினார். பேராசிரியர்கள் பரிந்துரை செய்தும், பெண் என்பதால் ஹார்வர்டு பிஎச்.டி. பட்டம் தரவில்லை. 1902-ல் ராட்கிளிஃப் பெண்கள் கல்லூரி பட்டம் தர முன்வந்தது. படிச்சது ஹார்வர்டில்தானே என்று மறுத்துவிட்டார்!

1905-ல் அமெரிக்க உளவியல் சங்கத்தின் முதல் பெண் தலைவரானார். 1930-ல் மறைந்தார். ஹார்வர்டு பட்டம் கடைசிவரை வரவே இல்லை.

இன்று உளவியல் படிச்சவங்க ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், கம்பெனி எனப் பல இடங்களில் வேலை பார்க்கிறாங்க. மருந்து எழுதும் மனநல மருத்துவர் ஆக மட்டும் முதலில் எம்.பி.பி.எஸ். படிக்கணும்.

தோழிகளே, அவருக்கு மூடியிருந்த கதவு நமக்குத் திறந்திருக்கு. தைரியமா உள்ளே போவோம்!