வெயிலைச் செங்கல்லால் சமாளித்தவர்: யார் இந்த லாரி பேக்கர்?

ஃபேன் ஓடினாலும் அனல் காற்றுதான் வரும். கான்கிரீட் கூரைக்குக் கீழே மதிய வகுப்பில் உட்கார்ந்தவர்களுக்கு இது நல்லாவே தெரியும். ஏசி போட பணம் இல்லாத கல்விக்கூடம் என்னதான் செய்வது? 50 ஆண்டுகளுக்கு முன்பே திருவனந்தபுரத்தில் இதற்கு ஒரு பதிலைக் கட்டிக் காட்டியவர், கட்டடக் கலைஞர் லாரி பேக்கர்.

இந்தியாவுக்கு வந்தது எப்படி?

1917-ல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரில் சீனாவில் மருத்துவ சேவை செய்தார். ஊர் திரும்பும் வழியில் மும்பையில் கப்பலுக்குக் காத்திருந்தபோது காந்தியைச் சந்தித்தார். ஐந்து மைல் சுற்றளவுக்குள் கிடைக்கும் பொருளை வைத்தே வீடு கட்ட வேண்டும் என்ற காந்தியின் எண்ணம் அவர் மனதில் ஆழமாகப் பதிந்தது.

1945-ல் தொழுநோய் மருத்துவமனைகளைக் கட்டும் பணிக்காக இந்தியா வந்தார். 1948-ல் மருத்துவர் எலிசபெத்தைத் திருமணம் செய்துகொண்டு, இமயமலைப் பகுதியான பித்தோராகரில் பல ஆண்டுகள் வாழ்ந்தார். உள்ளூர்க் கல்லையும் மண்ணையும் வைத்து மலைவாசிகள் கட்டும் வீடுகள்தான் அவருக்குப் பாடப்புத்தகம். 1963-ல் கேரளா வந்தார்.

அப்படி என்ன செய்தார்?

1970-களில் திருவனந்தபுரம் உள்ளூரில், வளர்ச்சி ஆய்வு மையத்தின் வளாகத்தைக் கட்டும் பொறுப்பு அவருக்கு வந்தது. மேட்டை வெட்டிச் சமப்படுத்தவில்லை. நிலத்தின் சரிவுக்கும் மரங்களுக்கும் ஏற்றபடி கட்டடங்களை வளைத்தார்.

ஜாலி சுவர்: செங்கற்களுக்கு நடுவே இடைவெளி விட்டுக் கட்டுவது. காற்று வரும், கண் கூசாத வெளிச்சமும் வரும். ஜன்னல் சட்டம், கம்பிச் செலவு மிச்சம்.

ரேட் ட்ராப் சுவர்: செங்கல்லைப் படுக்க வைக்காமல் நிமிர்த்தி அடுக்குவது. நடுவில் காற்று அடைபட்டு நிற்பதால் வெளிச்சூடு சட்டென உள்ளே இறங்காது. சுமார் 25 சதவீதம் செங்கல் குறையும்.

ஃபில்லர் ஸ்லாப்: கூரையின் அடிப்பகுதியில் இழுவையைத் தாங்குவது கம்பிதான், அங்கே உள்ள கான்கிரீட்டுக்குப் பெரிய வேலை இல்லை. அதனால் கம்பிகளுக்கு நடுவே ஓடுகளை வைத்தார். சிமென்ட் குறைந்தது, கூரையின் எடையும் குறைந்தது.

பெரும்பாலும் பூச்சு வேலையும் கிடையாது. சிமென்ட், செங்கல், இரும்பு என எதைத் தயாரிக்கவும் எரிபொருள் வேண்டும். அதனால் இங்கே மிச்சமான ஒவ்வொரு ரூபாயும் சுற்றுச்சூழலுக்கும் மிச்சம்.

ஏன் எல்லா இடத்திலும் இல்லை?

பேக்கர் வரைபடத்தைக் கொடுத்துவிட்டு ஒதுங்குபவர் இல்லை. தளத்திலேயே நின்று, கொத்தனாரோடு பேசிப் பேசி வடிவத்தை மாற்றுவார். அந்தக் கைத்திறனும் கவனமும் இல்லாவிட்டால் இந்த முறை கைகொடுக்காது. ஒரே வரைபடத்தில் நூறு கட்டடம் கட்டும் டெண்டர் முறைக்கு இது அவ்வளவு எளிதில் பொருந்தவும் இல்லை.

பின்னாளில் இந்தியக் குடியுரிமை பெற்ற அவருக்கு 1990-ல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. 2007 ஏப்ரல் 1-ம் தேதி, 90 வயதில் திருவனந்தபுரத்தில் காலமானார். அவர் கட்டிய செங்கல் சுவர்களின் இடைவெளி வழியே அந்த வளாகத்தில் இன்றும் காற்று வருகிறது. அதற்கு கரண்ட் பில் கிடையாது.