பாகன் மகன் சாபு

தருமபுரி மாவட்டத்தில் பாலக்கோட்டுக்கும் இராயக்கோட்டைக்கும் இடையே, சேலத்திலிருந்து பெங்களூர் செல்லும் இருப்புப்பாதையில் அமைந்துள்ளது மாரண்டஹள்ளி என்னும் ஊர். அதன் அருகே பஞ்சப்பள்ளியில் சின்னாற்றின் குறுக்கே அணையொன்று கட்டப்பட்டுள்ளது. அப்பகுதியிலிருந்து தேன்கனிக்கோட்டைப் பக்கமாக விரியும் காடுகள், காவிரிக்கரைக் காடுகள் வழியே மைசூர்ப் பகுதியின் காடுகளோடு தொடர்புடையன. யானைகள் கூட்டம் கூட்டமாக இக்காடுகளில் வலசை வருகின்றன. மாநில எல்லை மக்களுக்கு உண்டு, யானைகளுக்கு இல்லை. ஆதலின் மாரண்டஹள்ளி வட்டாரத்து உழவர்க்கு யானையின் வலிமையும் தெரியும். அதனைப் பழக்கும் பாகரின் அருமையும் தெரியும்.

இத்தகைய யானைக் காட்டின் மேற்குப் பக்கத்தே பிறந்த பாகன் மகன் ஒருவர், பள்ளிப் படிப்பும் பொருளும் இல்லாத நிலையில் கடல் கடந்து சென்று, உலகம் அறிந்த திரைப்பட நடிகரானார். அவர் பெயர் சாபு. மேல்நாட்டுத் திரையுலகம் அவரை வரவேற்றது, பாராட்டியது, ஆயினும் அவருக்கு உரிய முழு இடத்தை அளிக்கவில்லை. அதற்குக் காரணம் அவருடைய திறமைக் குறைவன்று. அவருடைய தோலின் நிறமே ஆகும்.

பிறப்பும் இளமையும்

சாபு 1924ஆம் ஆண்டு மைசூர் நாட்டில், கபினி ஆற்றங்கரையில் உள்ள காராப்பூரில் பிறந்தார். காட்டு யானைகளை வளைத்துப் பிடிக்கும் கெட்டா என்னும் முறைக்குப் பெயர்பெற்ற இடம் அது. அவர் தந்தையார் மைசூர் மன்னரிடம் யானைப்பாகராய்ப் பணியாற்றினார். சாபு குழந்தையாய் இருந்தபோதே தாயார் மறைந்தார். சில ஆண்டுகளில் தந்தையாரும் இறந்தார். பெற்றோரை இழந்த சிறுவனுக்கு அண்ணன் ஷேக் தஸ்தகீரும் அரண்மனை யானைக் கொட்டாரமுமே துணையாயின. பிற சிறுவர் பலகையில் எழுத்துப் பயிலும் பருவத்தில், சாபு யானையின் செவியசைவையும் துதிக்கை அசைவையும் பார்த்து அதன் கருத்தை அறியப் பயின்றார்.

திரையுலகில் நுழைதல்

1935ஆம் ஆண்டில் ஒரு படக்குழுவினர் மைசூருக்கு வந்தனர். ஹங்கேரி நாட்டில் பிறந்து இலண்டனில் படநிறுவனம் நடத்திய அலெக்சாண்டர் கோர்டா என்பார் அவர்களை அனுப்பியிருந்தார். ஆவணப்படத் துறையில் பெரும்புகழ் பெற்றிருந்த இராபர்ட் பிளாகர்ட்டி என்னும் அமெரிக்கர் அக்குழுவின் தலைவர். கிப்ளிங் எழுதிய கதையொன்றில் வரும் தூமாய் என்னும் பாகன் மகனாக நடிப்பதற்கு ஏற்ற சிறுவனை அவர்கள் தேடினர். ஒளிப்பதிவாளர் ஆஸ்மண்ட் பாரடேல் யானைக் கொட்டாரத்தில் சாபுவைக் கண்டார். பதினொரு வயதுச் சிறுவன் ஒருவன் மலைபோன்ற யானையின்மீது அச்சமின்றி ஏறி அமர்ந்து அதனை நடத்துவது அவர் கண்ணைக் கவர்ந்தது. தேடல் அன்றே முடிந்தது.

அப்படத்தின் எஞ்சிய காட்சிகளை எடுப்பதற்காகச் சாபுவும் அவர் அண்ணனும் இங்கிலாந்துக்கு அழைத்துச் செல்லப்பட்டனர். ஆங்கிலம் அறியாத சிறுவர் விரைவில் அம்மொழியைக் கற்றுக்கொண்டார். 'எலிபெண்ட் பாய்' என்னும் அப்படம் 1937இல் வெளிவந்தது. வெனிஸ் நகரப் படவிழாவில் சிறந்த இயக்கத்திற்கான பரிசையும் பெற்றது. படத்தைக் கண்டோர் அனைவரும் சாபுவின் இயல்பான நடிப்பையும் மலர்ந்த முகத்தையும் வியந்தனர். படங்களில் அவர் பெயர் சாபு என்னும் ஒற்றைச் சொல்லாகவே விளங்கியது.

ஆயினும் அப்படத்தில் நாம் ஊன்றி நோக்கவேண்டிய செய்தி ஒன்று உண்டு. தூமாயாக நடித்தவர் உண்மையான பாகன் மகன். தூமாயின் தந்தையாகவும், யானை பிடிக்கும் கூட்டத்தின் தலைவனாகவும் நடித்தவர்களோ ஆங்கிலேயர். அவர்கள் தம் மேனியில் பழுப்புச் சாயம் பூசிக்கொண்டு இந்தியராகத் தோன்றினர். யானை நம் நாட்டினது. காடு நம் நாட்டினது. கதையும் நம் நாட்டு மக்களைப் பற்றியது. எனினும் பெரியவர் வேடங்கள் வெள்ளையர்க்கே உரியனவாயின.

சாயத்திற்குக் கிடைத்த சிறப்பு

இஃது ஒரு படத்தோடு நின்ற வழக்கமன்று. அதே 1937ஆம் ஆண்டில் சீன நாட்டு உழவர் குடும்பத்தைப் பற்றிய 'தி குட் எர்த்' என்னும் படம் அமெரிக்காவில் வெளிவந்தது. சீன மரபில் தோன்றிய சிறந்த நடிகையாகிய அன்னா மே வாங், அதன் தலைவியாக நடிக்க விரும்பினார். அவ்வேடம் அவருக்குக் கிடைக்கவில்லை. சீனப்பெண்ணாக ஒப்பனை செய்துகொண்ட லூயிஸ் ரெய்னர் என்னும் வெள்ளை நடிகை அதில் நடித்தார்; ஆஸ்கார் விருதும் பெற்றார். தலைவனாக நடித்தவரும் வெள்ளையரே. வெள்ளையர்க்கும் கறுப்பர்க்கும் இடையே காதலைக் காட்டலாகாது என்று அக்காலத்து அமெரிக்கப் படத்துறை தனக்குத்தானே ஒரு விதி வகுத்திருந்தது. அவ்விதியின் நிழல் ஆசிய நடிகர்மீதும் படர்ந்தது. காதலனும் காதலியும் ஆக இயலாதவர், கதைத் தலைவராவது எங்ஙனம்?

1940ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் ஹாட்டி மெக்டேனியல் என்னும் கறுப்பின நடிகைக்குத் துணைநடிகைக்கான ஆஸ்கார் விருது வழங்கப்பட்டது. கறுப்பினத்தவர் ஒருவர் அவ்விருது பெற்றது அதுவே முதன்முறை. ஆனால் விருந்து மண்டபத்தில் அவர் தம்முடன் நடித்த வெள்ளையரோடு ஒன்றாக அமர இயலவில்லை. சுவரோரம் தனியாக இடப்பட்ட மேசையிலேயே அவர் அமர்த்தப்பட்டார். ஒரு கை விருதை நீட்டியது. மறு கை விலக்கி வைத்தது.

புகழின் உச்சியில்

சாபு 1938இல் 'தி டிரம்' என்னும் படத்தில் எல்லைப்புறத்து இளவரசராக நடித்தார். அதில் கொடிய சிற்றப்பனாகத் தோன்றியவரும் சாயம் பூசிய வெள்ளையரே. வெள்ளையர் ஆட்சியைப் போற்றும் படம் அஃது என்று கூறிப் பம்பாயிலும் சென்னையிலும் மக்கள் கிளர்ந்தெழுந்தனர். தம்மை உயர்த்திய திரையே தம் நாட்டைத் தாழ்த்திக் காட்டுவதைப் பதினான்கு வயதுச் சிறுவர் எவ்வாறு தடுத்தல் கூடும்?

1940இல் 'தி தீஃப் ஆப் பாக்தாத்' வெளிவந்தது. சாபுவின் புகழை உச்சிக்குக் கொண்டு சென்ற படம் இதுவே. இளந்திருடனாகிய அபு என்னும் வேடத்தில் அவர் துள்ளியும் சிரித்தும் சூழ்ச்சி செய்தும் படம் முழுவதையும் தாமே தாங்கினார். அப்படம் ஒளிப்பதிவு, கலை அமைப்பு, தந்திரக் காட்சிகள் ஆகியவற்றிற்காக மூன்று ஆஸ்கார் விருதுகளைப் பெற்றது. 1942இல் 'ஜங்கிள் புக்' படத்தில் ஓநாய்களிடை வளர்ந்த மௌக்லியாக நடித்தார். அப்படம் நான்கு துறைகளில் விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. எனினும் நடிகர் பட்டியலில் சாபுவின் பெயர் ஒருமுறையேனும் இடம்பெறவில்லை.

அதன்பின் அமெரிக்க நிறுவனம் ஒன்று அவரைத் தொடர்ந்து படங்களில் நடிக்கவைத்தது. 'அரேபியன் நைட்ஸ்', 'ஒயிட் சாவேஜ்', 'கோப்ரா உமன்' ஆகிய மூன்றிலும் தலைவன் ஜான் ஹால். தலைவி மரியா மாண்டெஸ். சாபுவோ தலைவனுக்கு உதவும் தோழனாகவே வந்தார். சிறுவராய் இருந்தபோது கதையின் நடுவில் நின்றவர், இளைஞரானபின் கதையின் ஓரத்திற்குத் தள்ளப்பட்டார். வெள்ளைத் திரைக்குக் கீழைநாட்டுச் சிறுவன் இனித்தான். கீழைநாட்டு ஆண்மகனுக்கு அங்கே இடமில்லை.

மறைத்தவரும் மறைக்காதவரும்

இங்கு மற்றொருவர் வாழ்வையும் நோக்குதல் தகும். மெர்ல் ஓபரான் என்னும் நடிகை 1911இல் பம்பாயில் பிறந்தவர். இந்திய, ஐரோப்பியக் கலப்பில் தோன்றியவர். இவரும் அலெக்சாண்டர் கோர்டாவால் திரையில் உயர்த்தப்பட்டவரே. ஆனால் இவர் தம் பிறப்பை மறைத்துக்கொண்டார். ஆஸ்திரேலியாவை அடுத்த டாஸ்மேனியாத் தீவில் பிறந்தவர் என்று உலகம் நம்பியது. மேனி வெளுப்பாய் இருந்தமையால் அது செல்லுபடியாயிற்று. தலைவி வேடங்கள் அவரைத் தேடி வந்தன. 1935இல் வெளிவந்த படமொன்றிற்காகச் சிறந்த நடிகைக்கான ஆஸ்கார் விருதுக்கும் அவர் பெயர் பரிந்துரைக்கப்பட்டது. 1979இல் இறக்கும்வரை அவர் அம்மறைப்பைச் சுமந்தே வாழ்ந்தார். உண்மை அவர் மறைவுக்குப் பின்னரே வெளிப்பட்டது.

ஒரே முதலாளியின் நிழலில் வளர்ந்த இருவரும் இந்தியாவில் பிறந்தவரே. ஒருவர் தம்மை மறைத்து உயர்ந்தார். பெற்ற புகழைத் தம் பெயரால் உண்மையாக நுகரும் பேறு அவருக்கு வாய்க்கவில்லை. மற்றவர் தம்மை மறைக்கவில்லை, மறைக்கவும் இயலாது. அவர் பாகன் மகனாகவே அறியப்பட்டார், அதற்கு நாணவுமில்லை. ஆனால் அவர் வளர்ச்சி பாதியில் தடுக்கப்பட்டது. நிறவேறுபாடு என்னும் தீமை எவரையும் விட்டுவைப்பதில்லை. உள்ளே விட்டவரைப் பொய்யுரைக்கச் செய்கிறது. பொய்யுரைக்க இயலாதவரை வாயிலிலேயே நிறுத்துகிறது.

போர்க்களத்தில்

இந்தியர் வெள்ளையர் ஆகார் என்றும், ஆதலின் அமெரிக்கக் குடியுரிமைக்கு உரியர் ஆகார் என்றும் பகத்சிங் திந்த் என்பார் வழக்கில் 1923ஆம் ஆண்டில் அந்நாட்டு உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. இரண்டாம் உலகப்போர் நடந்த காலத்தில், 1944இல், சாபு அமெரிக்கக் குடிமகனானார். புகழ்பெற்ற நடிகர் என்பதால் பாதுகாப்பான பணியை நாடாமல் வான்படையில் சேர்ந்தார். பசிபிக் பெருங்கடற் பகுதியில் லிபரேட்டர் என்னும் குண்டுவீச்சு விமானத்தில் துப்பாக்கி வீரராகப் பல முறை பறந்து போரிட்டார். வான்படை வீரர்க்குரிய 'டிஸ்டிங்குவிஷ்டு பிளையிங் கிராஸ்' என்னும் பதக்கம் அவருக்கு அளிக்கப்பட்டது. இந்தியர் குடியுரிமை பெறுவதற்கு வழிவகுத்த சட்டம் 1946இல்தான் நிறைவேறியது.

நடிப்புக்காகக் கிடைக்காத பதக்கம் வீரத்திற்காகக் கிடைத்தது. களத்தில் எதிரியின் குண்டு நிறம் பார்ப்பதில்லை. உயிரைக் கொடுக்கத் தகுந்தவன் கதைத் தலைவனாகத் தகாதவனோ?

பிற்காலம்

போர் முடிந்து திரும்பிய சாபு, 1947இல் 'பிளாக் நார்சிசஸ்' என்னும் படத்தில் இந்திய இளந்தளபதியாக நடித்தார். இமயமலையில் நிகழும் அக்கதை இங்கிலாந்திலேயே படமாக்கப்பட்டது. அதில் அவர் காதலிக்கும் மலைநாட்டுப் பெண்ணாக வந்தவர் ஜீன் சிம்மன்ஸ் என்னும் ஆங்கில நடிகை. அவரும் பழுப்புச் சாயம் பூசியே நடித்தார்.

1948இல் சாபு மணம் புரிந்துகொண்டார். மகன் ஒருவரும் மகள் ஒருவரும் பிறந்தனர். நல்ல வேடங்கள் அருகின. சில காலம் ஐரோப்பாவில் சர்க்கஸ் அரங்குகளில் யானைகளோடு தோன்றினார். மெஹபூப் கான் தாம் எடுத்த 'மதர் இந்தியா' படத்தில் அவரை நடிக்கவைக்க எண்ணினார். ஆனால் அயல்நாட்டுக் குடிமகனாகிவிட்ட அவருக்கு இங்கே பணிபுரியும் அனுமதி கிடைக்கவில்லை. அங்கே அவர் இந்தியர். இங்கே அவர் அமெரிக்கர். உலகெங்கும் இந்தியாவின் முகமாக விளங்கியவர் இந்தியப் படம் ஒன்றிலும் நடித்தாரல்லர். 1963ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆம் நாள் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் மாரடைப்பால் மறைந்தார். அப்போது அவருக்கு வயது முப்பத்தொன்பதே.

காலத்தின் மாற்றம்

சாபு மறைந்து ஐந்து திங்கள் நிறைவதற்குள், 1964 ஏப்ரலில், சிறந்த நடிகருக்கான ஆஸ்கார் விருதைச் சிட்னி பாய்ட்டியர் பெற்றார். அவ்விருதைப் பெற்ற முதற் கறுப்பின ஆடவர் அவரே. அதன் பின்னரும் கதவு மெல்லவே திறந்தது. ஆசியப் பெண்மணி ஒருவர் சிறந்த நடிகை விருதைப் பெறுவதற்கு 2023 மார்ச் 12 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. மலேசியாவின் ஈப்போ நகரில் பிறந்த மிசெல் இயோவே அவர்.

அதே இரவில் முதுமலையின் தெப்பக்காட்டு யானை முகாமைப் பற்றிய ஆவணப்படமும் ஆஸ்கார் விருது பெற்றது. பொம்மன், பெள்ளி என்னும் பழங்குடி இணையர், தாயை இழந்த யானைக்கன்றை வளர்த்த வரலாறு அது. அக்கன்று ஓசூர்ப் பக்கத்துக் காட்டில் மீட்கப்பட்டது. சாயம் பூசியவர் எவரும் அப்படத்தில் இல்லை. பாகர் தாமாகவே தோன்றினர்; தமிழிலேயே பேசினர். உலகம் கேட்டது.

விருது வழங்கப்பட்டதற்கு ஐந்து நாள் முன்னர், மார்ச் 7ஆம் நாள், மாரண்டஹள்ளியை அடுத்த சிற்றூர் ஒன்றில் வயலைச் சுற்றிச் சட்டத்திற்கு மாறாக இடப்பட்ட மின்வேலியில் சிக்கி மூன்று யானைகள் மாண்டன. இரு கன்றுகள் தாயின்றி நின்றன. அம்மாதத்திலேயே தருமபுரி மாவட்டத்தில் மீட்கப்பட்ட மற்றொரு கன்றைக் காக்கும் பணிக்காகப் பொம்மன் அங்கு வந்தார். உலகு புகழ்ந்த நாளிலும் பாகரின் தொண்டு காட்டோரத்தில்தான் இருந்தது. சாபுவின் தந்தையார் செய்த தொண்டும் அதுவே.

ஒருவர் செய்த வேலையைப் பார்த்தே அவரை மதித்தல் வேண்டும். நிறத்தையோ பிறந்த குடியையோ பார்த்து மதித்தல் ஆகாது. அயல்நாட்டார் நம்மவரிடம் காட்டிய நிறவேற்றுமையைக் குறைகூறும் நாம், கரிய முகத்தைக் கண்டு நம்மிடையே எழும் இகழ்ச்சியையும் களைதல் வேண்டும். சாயம் கழுவினால் போகும். திறமை கழுவினாலும் போகாது. இவ்வுண்மையைத் தம் குறுகிய வாழ்நாளால் உலகுக்குக் காட்டிச் சென்றவர் காராப்பூர்ப் பாகன் மகன் சாபு.